ஓரடிக் கொல்லை

சவரிமுத்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அரூரில் குறைவு. மாதா கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும், இவர் எழுந்து வெளியே வந்து, கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போவார். டீக்கடையில் கிளாஸை வாங்கி இரண்டு வாய் குடித்ததும் ரோட்டுக்கு வந்துவிடுவார். மீதி டீயைக் கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கீழே ஊற்றுவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று பெற்றவளே சொல்லிவிட்டுப் போன ஆள். ஆனாலும் நாலு ஏக்கர் கொல்லையும் ஒரு கிணறும் கையில் இருந்தவரை அந்த அலைச்சலுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. மடையைத் திருப்பினார், மாட்டை ஓட்டினார், களையைப் பார்த்தார். நிலம் போன பிறகுதான் மனுஷன் சும்மா சுற்றும் ஆளாக ஊர் கண்ணில் பட்டார்.

நிலம் தானாகப் போகவில்லை, அவரேதான் விற்றார். எண்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. கிணற்றுக்குள் இறங்கிப் பாறைக்கு வெடி வைத்துப் பார்த்தார். புகை வந்ததே தவிர தண்ணீர் வரவில்லை. உழவு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வந்த வாரத்தில், சொல்லி வைத்தாற்போல வந்து நின்றான் மனை புரோக்கர் காளியப்பன்.

"சவரிமுத்தண்ணா, இனி இந்த மண்ணுல என்னாங்க வெளையும்? கல்லு நட்டா மனை வெளையும். தாலுக்கா ஆபீசு, ஆஸ்பத்திரி, ஸ்கூலுன்னு தெனம் ஆளுங்க வந்து எறங்கறாங்க. அவங்களுக்கு வூடு வேணாமா? உங்க கொல்லை தீர்த்தமலை ரோட்டு மேல கெடக்குது. பொன்னு முட்டை போட்டுகிட்டு கெடக்குதுங்க."

அடுப்பில் ராகிக் களிக்கே திண்டாட்டமாக இருந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுபட்டது. கொல்லைக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மூன்று தெரு பிரித்தார்கள். ரோட்டோரம் ஒரு தகரப் பலகையை நட்டு 'அந்தோணியார் நகர்' என்று எழுதினார்கள்.

கல் நட்ட அன்று கிழக்கு வரப்பில் வந்து நின்றான் பக்கத்துக் கொல்லைக்காரன் அர்ச்சுனன். இருவரும் ஒரே சொம்பில் கூழ் குடித்து வளர்ந்தவர்கள். சாமி வேறு என்றாலும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதே மச்சான்கள் வருஷத்துக்கு ஒருமுறை வரப்புக்காகக் கட்டிப் புரளவும் செய்வார்கள். இவன் உழும்போது வரப்பில் ஒரு சாண் சீவுவான், அவன் உழும்போது மறுபுறம் ஒரு சாண் சீவுவான். வரப்பு ஒருவர் நடக்கும் அளவுக்குக் கூடத் தேறாது.

அர்ச்சுனன் கல்லைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான்.

"ரெண்டு வருசம் மழ பொய்ச்சதுக்கா இத விக்கற? பெத்த புள்ளய விக்கறாப்பல இருக்குது மச்சான்."

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் மனசுக்குள் ராத்திரியெல்லாம் ஓடியது இதே பேச்சுதான். உள்ளே ஓடுவதை இன்னொருத்தன் வாயால் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

"ஒன் கெணத்துல ரெண்டு மொழம் தண்ணி கெடக்குது. நீ பேசுவ. பேசிட்டுப் போ."

அதோடு முடிந்தது பேச்சு வார்த்தை. அன்று சாயங்காலமே காளியப்பன் ஒரு யோசனை சொன்னான். மனைத் தொழில் செய்பவர்கள் எல்லா ஊரிலும் கையாள்கிற யோசனைதான். தெருவை அடுத்தவன் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விடக் கூடாது. கடைசியில் ஓரடி அகலம் நிலத்தைத் தெருவில் சேர்க்காமல் தன் பேரிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளைக்கு அடுத்தவன் தன் கொல்லையை மனை போட்டால், இந்தத் தெருவைத் தன் தெருவோடு சேர்க்க அவனால் முடியாது. நடுவில் அந்த ஓரடி நிற்கும். கேட்ட விலையைக் கொடுத்து அதைத் தாண்டித்தான் அவன் ஆள்கள் ரோட்டுக்கு வர வேண்டும்.

"நான் ஒண்ணும் அவன்கிட்ட காசுக்கு நிக்கப் போறதில்ல. அவன் என் தெருவுல கால் வெக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார் சவரிமுத்து. வடக்கிலிருந்து தெற்கு வரை, மூன்று தெருவின் முனையையும் அடைத்தாற்போல ஓரடி நிலம் ஒதுங்கியது. அதன் மேல் வேலி முள்ளை வெட்டிப் போட்டார்.

மனைகள் விற்றன. வாத்தியார் வாங்கினார், கம்பவுண்டர் வாங்கினார், கடத்தூர்ப் பக்கத்து மளிகைக்காரர் வாங்கினார். நடுத்தெருவின் கடைசி மனையைச் சவரிமுத்து தனக்கென்று வைத்துக்கொண்டு வீடு கட்டினார். பிறகு அதையும் மகள் கல்யாணத்துக்குச் சீராக அவள் பேருக்கே எழுதினார். மகள் பெங்களூரில் குடித்தனம். சவரிமுத்துவும் மனைவி லூர்தம்மாளும் அந்த வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் வரி கட்டப் போன இடத்தில்தான் அவருக்கே உறைத்தது: அப்பன், பாட்டன் வழியாக வந்த நாலு ஏக்கரில் இப்போது அவர் பேரில் நிற்பது அந்த ஓரடி மட்டும். நாலு ஏக்கர்க்காரர் ஓரடிக்காரர் ஆகிவிட்டார்.

எண்பத்தைந்தில் ஆடி பிறந்ததும் நல்ல மழை இறங்கியது. நிலம் கைவிட்டுப் போன பிறகு வந்த மழை. அதன் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் சவரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்குமாக நடந்தார். கையைப் பிசைந்தார். கடைசியில் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அந்த ஓரடியிலிருந்து முள்ளையெல்லாம் வாரி எறிந்தார். மண்ணைக் கொத்தினார். தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி வரை ஒரே வரிசையாகச் சால் பிடித்துத் துவரையும் இடையிடையே மொச்சையும் ஊன்றினார். இரண்டாம் சால் போட இடமில்லை.

ஊர் சிரித்தது. லூர்தம்மாளும் சிரித்தாள்.

"ஏங்க, இந்தக் கொல்லைக்கு ஒரு சோடி மாடு புடிச்சிடலாமா? ஒரு மாட்ட இந்தப் பக்கம் தெருவுல வுட்டு, இன்னொண்ண அர்ச்சுனண்ணன் கொல்லையில வுட்டு ஓட்டலாம்."

"சிரிடி, சிரி. தை மாசம் தொவரங்கா அவிச்சுத் திங்க வருவ இல்ல, அப்பப் பாத்துக்கறன்."

தையில் துவரை ஆளுயரத்துக்கு நின்றது. மொச்சை அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது. அவர் தன் கையால் பறித்த காயைக் கூடையில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு, பத்தடி தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக முழுத் தெருவையும் சுற்றிக்கொண்டு வந்தார். பார்க்கட்டும் என்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து அர்ச்சுனனும் கல் நட்டான். ஆமாம், அந்த அர்ச்சுனன்தான். மகன் குப்புராஜ் படித்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்தான். ஏர் பிடிக்க ஆள் இல்லை. கிணற்று மேட்டில் ஒரு ஏக்கரை மட்டும் தன் காலம் வரைக்கும் என்று நிறுத்திக்கொண்டு, மீதியைத் 'தீர்த்தகிரி நகர்' ஆக்கினான். போட்ட தெருக்களை வேண்டுமென்றே சவரிமுத்துவின் தெருக்களுக்கு நேர் எதிராகப் போட்டான். என்றைக்கு இருந்தாலும் திறந்துதானே ஆக வேண்டும் என்ற கணக்கு. சவரிமுத்து துவரைச் செடிகளுக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்தார். 'பெத்த புள்ளய நீயும் வித்துட்டியேடா' என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அர்ச்சுனன் ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்க மனசும் வரவில்லை.

இப்படியாக ஊர் வளர்ந்த லட்சணத்தை என்ன சொல்ல! ஆளாளுக்குத் தன் கொல்லைக்குள் தன் இஷ்டத்துக்குத் தெரு போட்டான், தனக்குப் பிடித்த சாமி பேரை வைத்தான், எல்லை வந்ததும் நிறுத்திக்கொண்டான். ஒரு நகரின் தெருவுக்கு அடுத்த நகரின் தெருவைத் தெரியாது. அந்தோணியார் நகரில் ஒரு வீட்டில் தாளித்தால் தீர்த்தகிரி நகரில் தும்முவார்கள். ஆனால் இங்கிருந்து அங்கே நடந்து போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மாரியம்மன் கோயில் தெருவுக்குள் நுழைந்து, வேர்த்து விறுவிறுத்துத்தான் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். இங்கே கிணறு, பைப்பு எல்லாம் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் அடிபம்பு அங்கே. ஆண்டவன் யோசித்துச் செய்தது போல ஒன்றுக்கு வேண்டியது இன்னொன்றில் இருந்தது.

குடத்தோடு பெண்கள் துவரைக்குள் ஒருக்களித்து நுழைந்து போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொச்சைக் கொடியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சவரிமுத்து விடிந்ததிலிருந்து தெற்குக் கோடிக்கும் வடக்குக் கோடிக்குமாக ஓடி ஓடி விரட்டினார். தெற்கே விரட்டினால் வடக்கே நுழைவார்கள். லூர்தம்மாள் மட்டும் ஒருநாளும் செடிக்குள் நுழையவில்லை. தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவரின் கண்முன்னாலேயே மெயின் ரோட்டுக்குப் போய், ஊரைச் சுற்றித் தண்ணீர் கொண்டுவந்தாள். திரும்பி வந்ததும் குடத்தை இறக்கிவைத்து, அவர் காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விடுவாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செபாஸ்டின் வாத்தியார் தெருக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, நீங்க நெனச்சா நடக்கற காரியம்ங்க. அந்த ஓரடிய வுட்டுட்டீங்கன்னா தெரு தெருவோட சேந்துடும். நல்ல தண்ணி பைப்பு இந்தப் பக்கம் வரும், தார் போட்டுத் தருவாங்க. சும்மா வேணாம். நாங்க எல்லாரும் சேந்து என்ன வேணும்னாலும் தர்றோம். நீங்க வாயத் தொறந்து கேளுங்க."

கேட்டதுதான் தாமதம், சவரிமுத்து எகிறிவிட்டார்.

"நான் ஒங்ககிட்ட வெல சொன்னனா? இது விக்கறதுக்கு வெச்சிருக்கற எடம்னு எவன் சொன்னான்? கண்ணு தெரியலயா? பயிரு நிக்குது வாத்தியாரே, பயிரு!"

"ஒரு சால் தொவரைக்கா இவ்ளோ…"

"ஒரு சாலோ நூறு சாலோ, பயிரு பயிருதான்!"

வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். கிழவன் விலையை ஏற்றுகிறான் என்றார்கள் சிலர். அர்ச்சுனன் மேல் உள்ள வீம்பு என்றார்கள் சிலர். முதலில் வீம்பாக இருந்தது உண்மைதான். எப்போதோ அது மாறிவிட்டது. விடிந்ததும் போய் நிற்க அவருக்கு இருந்த ஒரே இடம் அது. அதையும் கொடுத்துவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. இதை வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது? லூர்தம்மாளிடம்கூட அவர் சொன்னதில்லை.

தொண்ணூறு மாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிய மறுநாள் காலையில் அர்ச்சுனன் இறந்துபோனான். கிணற்று மேட்டுக்குப் போய்வந்து, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

லூர்தம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து சேதி சொன்னாள். சவரிமுத்து எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"மத்தியானத்துக்குள்ள எடுக்கணும்னு பேசிக்கறாங்க. ஆனா எப்பிடி எடுக்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க" என்றாள் லூர்தம்மாள்.

"ஏன்?"

"காப்புக் கட்டியிருக்குதுல்ல? கோயில் தெரு வழியா பொணம் போவக் கூடாதாம். தீர்த்தகிரி நகருக்கு வேற வழி ஏது? ஒரு பக்கம் ரைஸ்மில் செவுரு, ஒரு பக்கம் ஏரி. ஏரியில எறங்கித் தூக்கிட்டுப் போயிடலாமான்னு கேட்டுகிட்டு இருக்கறாங்க. இடுப்பளவு சேறு."

மூன்று பக்கத்தைச் சொன்னாள். நாலாவது பக்கத்தை அவள் சொல்லவில்லை. சுடுகாடு தீர்த்தமலை ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்தது. அவர் வாசல் வழியாகப் போனால் இதோ என்று போய்விடலாம்.

"என்னை யாரும் கேக்க வர்லயா?"

"ஒங்கள யாருங்க கேப்பாங்க?" என்றாள் லூர்தம்மாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கேலி செய்யவில்லை. குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அவர் துவரைச் சாலுக்குப் போனார். வடக்கே நடந்தார், தெற்கே நடந்தார். அந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்தது. முதல் பறிப்பு எடுத்தாகிவிட்டது. இரண்டாவதுக்குக் காய் முற்றி, காற்றடித்தால் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. இலைக்கு நடுவே அந்தப் பக்கம் தெரிந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். காப்பு நாள் என்பதால் மேளம் இல்லை. பெண்கள்கூட வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார்கள். நாலைந்து ஆண்கள் ஏரிக்கரையில் நின்று கழியால் சேற்றின் ஆழத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் குப்புராஜ் ஈரத் துண்டோடு நின்றான். அவன் ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தான். துவரைக்கு இந்தப்புறம் நிற்பது யார் என்று தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் அப்பன் திருப்பிக்கொண்ட மாதிரியே.

வாழ்நாளெல்லாம் மண்ணில் நின்றவன். அவனைச் சேற்றில் அமுக்கி, தண்ணீரில் நனைத்துக் கொண்டுபோவார்களா? சவரிமுத்துவுக்கு ஒரே சொம்பில் குடித்த கூழ் நினைவுக்கு வரவில்லை. வரப்பில் கட்டிப் புரண்டதுதான் வந்தது. இருவர் முதுகிலும் ஒரே மண் ஒட்டியிருந்தது. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நடுத்தெரு முனையில் முதல் செடியை அடியோடு வெட்டினார்.

முதலில் பாடை நுழையும் அளவுக்குத்தான் வெட்ட நினைத்தார். வெட்டிவிட்டுப் பார்த்தால் தோள் கொடுப்பவர்கள் ஒடுங்கி நுழைய வேண்டியிருந்தது. அவன் ஒடுங்கி ஏன் போக வேண்டும்? இன்னும் வெட்டினார். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, காயும் கொடியுமாகச் சாய்த்துத் தள்ளினார். மூச்சு வாங்கியது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன்டா குப்புராஜ், பாத்துகிட்டு நிக்கற?" என்று கத்தினார். "ஒங்கப்பன இப்பிடித் தூக்கிட்டு வாங்கடா!"

பாடை வந்தது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வருவது வழக்கம். அர்ச்சுனன் மனைவி தீர்த்தம்மாளும் அவளோடு வந்தவர்களும் அந்த ஓரடி மண்ணில் வந்து நின்றுகொண்டார்கள். ஆண்கள் தாண்டினார்கள். பாடைக்கு முன்னால் இறைத்த பொரி துவரை வேரடியில் விழுந்தது. நடுத்தெருவில் குப்புராஜின் சித்தப்பா ஒருவர் தோள் மாற்றும்போது, சவரிமுத்து யாரையும் கேட்காமல் தன் தோளைக் கொடுத்தார். தீர்த்தமலை ரோடு வரைக்கும் இறக்கவே இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே அந்த வழியில் குடம் வந்தது. பிறகு சைக்கிள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரன், மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. இரண்டு ஊர் ஒன்றை ஒன்று பார்க்காமலே இத்தனை வருஷம் காத்திருந்தது போல முட்டி மோதிக்கொண்டு போனார்கள். சவரிமுத்து வாசலில் நின்று பார்த்தார். விரட்டப் போகவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து லூர்தம்மாளின் காலை மிதித்தார்.

காரியம் முடிந்த பிறகு குப்புராஜ் வந்தான். மொட்டைத் தலையில் துண்டு. பின்னால் ஒரு கட்டைவண்டி, அதில் மூங்கில் கழியும் முள்ளும்.

"மாமா, நீங்க வெட்டுன எடத்த நானே அடச்சு வேலி கட்டிக் குடுத்துடறன்ங்க. எங்கப்பாவுக்கோசரம் பயிர வெட்டுனீங்க. அதுக்காக ஒங்க எடம் ரோடா போறது ஞாயம் இல்ல. யாரு கேட்டாலும் நான் பேசிக்கறன்."

சொன்னபடி செய்கிற பையன் என்பது முகத்திலேயே தெரிந்தது. சவரிமுத்து வெட்டின இடத்துக்குப் போய்க் குந்தினார். விரலால் மண்ணைக் கீறிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. அத்தனை கால் மிதித்து இறுகிவிட்டிருந்தது. குடத்திலிருந்து சிந்திய தண்ணீர் வழியெல்லாம் பட்டை போட்டிருந்தது. அவர் குந்தியிருந்ததைப் பார்த்து ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, பயந்துகொண்டே தள்ளிக்கொண்டு போனாள்.

"வேலி வேணாம்" என்றார்.

"இல்லீங்க மாமா…"

"வேணாம்னா வேணாம்டா! போவட்டும். எல்லாரும் போவட்டும்."

துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வாசலில் நின்ற லூர்தம்மாள் உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கிணறு வற்றிய அன்றுகூட, அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அவர் வேறு எதையோ விசாரிப்பது போலக் கேட்டார்.

"கெணத்து மேட்டுல ஒங்கப்பன் வெச்சிருந்த கொல்லைய இனி யாரு ஓட்டறது?"

"யாருங்க ஓட்டுவாங்க? நான் ஆபீசு போறவன். காளியப்பன்கிட்ட சொல்லியிருக்கறன். ஆவணியில கல்லு நட்டுடலாம்னு."

"ஆவணி வரைக்கும் சும்மாதான கெடக்கும்?"

"ஆமாங்க மாமா."

சவரிமுத்து எழுந்தார். கையைத் தட்டினார். நேராக அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாசிப் பட்டத்துக்கு எள்ளு வெதச்சா ஆவணிக்குள்ள அறுத்துடலாம். வெத என்னுது. வெளஞ்சது ஒங்க வூட்டுக்கு. கூலியும் வேணாம். எனக்கு அந்த எடத்த மட்டும் வுடு."

நாலு ஏக்கர்க்காரர், அர்ச்சுனன் வரப்பைச் சீவியதற்குச் சண்டை போட்டவர், அர்ச்சுனன் மகனிடம் வேலை கேட்டு நிற்கிறார் என்பது குப்புராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் கண் நிறைந்துவிட்டது.

"எடுத்துக்குங்க மாமா. ஆனா ஆவணியில…"

"தெரியுதுடா. ஆவணியில கல்லு நட்டுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்."

அடுத்த நாள் வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. வெயில் தாழ்ந்ததோ இல்லையோ, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் இறங்கினார். முனையைத் தாண்டும்போது கீழே பார்க்கவில்லை. கிணற்று மேட்டில் ஏறி, மேற்கு மூலையில் நின்று, முதல் வெட்டு வெட்டினார். மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. ஆவணி வரைக்கும் அது கொல்லைதான்.